அலையும் சோறும் நட்பும்

(முன்னாள் மாணவர் கூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "நீ கம்ப்யூட்டரைப் பத்திப் பேசாதேப்பா, அதுக்கு இங்கே நூறு பேர் இருக்காங்க. அங்கே எப்படி வாழறே, யாரோட வாழறே, அதைச் சொல்லு" என்றார். ஆகவே என் அலைச்சறுக்கு நண்பர்களைப் பற்றிப் பேசப்போகிறேன். சர்ஃபிங் என்று எல்லாரும் சொல்கிறார்களே, அதுதான். என் உடம்பைப் பார்த்துவிட்டு முன்வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள். நாற்பது வயதுக்கு மேல்தான் ஆரம்பித்தேன்.

நான் இருக்கும் ஊர் சாண்டா குரூஸ். சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே, மாண்டரே வளைகுடாவின் வடக்கு முனையில் இருக்கிறது. வேலை சான் ஹோசே பக்கம்; நடுவில் ஒரு மலை. அந்த மலையைத் தாண்டித்தான் தினமும் ஆபீஸ். இந்த ஊருக்கு ஒரு பெருமை உண்டு. 1885-ஆம் ஆண்டு, கலிபோர்னியாவில் படிக்க வந்த ஹவாய் அரச குடும்பத்து இளவரசர்கள் மூன்று பேர், ரெட்வுட் மரத்தில் பலகை அறுத்து, இங்கே சான் லொரென்சோ ஆற்று முகத்துவாரத்தில் அலை மேல் ஏறிக் காட்டினார்கள். அமெரிக்கக் கண்டத்தில் சர்ஃபிங் நடந்ததாகப் பதிவான முதல் நிகழ்ச்சி என்று அதைத்தான் சொல்கிறார்கள். அந்த மூவரும் அப்போது மாணவர்கள் என்பதை இங்கிருக்கும் மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

கலிபோர்னியா என்றதும் வெயிலும் வெதுவெதுப்பான கடலும் மனதில் வரும். அது சினிமா. எங்கள் கடலில் தண்ணீர் 13, 14 டிகிரிதான். வெறும் உடம்போடு இறங்கினால் பல் தந்தியடிக்கும். மூன்று நான்கு மில்லிமீட்டர் தடிமனுள்ள ரப்பர் உடுப்பு போட்டுக்கொண்டுதான் இறங்குவோம். அந்த வெட்சூட்டை 1950-களின் தொடக்கத்தில் யோசித்தவர் பெர்க்லி பல்கலைக்கழக இயற்பியலாளர் ஹியூ பிராட்னர். ரப்பருக்குள் இருக்கும் நுண்ணிய வாயுக் குமிழ்கள்தான் உடம்புச் சூட்டைக் காக்கின்றன. நம் பிசிக்ஸ் டிபார்ட்மெண்ட் மாணவர்களுக்கு இது மகிழ்ச்சியான செய்தியாக இருக்கும்.

எங்களுக்குப் பிடித்த காலம் இலையுதிர் காலம். செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை. கோடையில் பாதி நாள் மூடுபனியும் கடற்காற்றும் இருக்கும், அலை கலைந்துபோகும். அக்டோபரில் பனி விலகும். காலையில் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். எங்கோ அலாஸ்கா வளைகுடாவில் அடிக்கும் புயலின் அலைகள் ஆயிரக்கணக்கான மைல் நடந்து வந்து, வரிசை வரிசையாக எங்கள் கரையில் மடியும். அலையின் உயரத்தைப்போல் ஏறக்குறைய 1.3 மடங்கு ஆழத்துக்கு வந்ததும் அலை உடையும். அந்த இடத்துக்குச் சற்று வெளியே பலகை மேல் உட்கார்ந்து காத்திருப்போம்.

அக்டோபரில் அங்கே சூரியன் உதிக்க ஏழேகால் ஆகும். நாங்கள் ஆறரைக்கே கூடிவிடுவோம். என் கூட்டத்தில் ஒருவர் தச்சர். ஒருவர் ஆஸ்பத்திரி நர்ஸ். இரவு டூட்டி முடித்து நேரே வருவார். ஒருவர் பள்ளி ஆசிரியை. மெக்சிகோவிலிருந்து வந்த சமையல்காரர் ஒருவர். பிறகு நான். மலைக்கு அந்தப் பக்கம் எல்லாரும் முதலில் கேட்பது, "எந்தக் கம்பெனி?" இவர்கள் என்னிடம் அதைக் கேட்டதே இல்லை. மூன்று வருஷம் கழித்துத்தான் ஆசிரியைக்கு என் வேலை என்னவென்று தெரிந்தது. "ஓ, அப்படியா" என்று சொல்லிவிட்டு அடுத்த அலையைப் பார்க்கப் போய்விட்டார்!

தண்ணீரில் சில விதிகள் உண்டு. அலை உடையும் முனைக்கு யார் பக்கத்தில் இருக்கிறாரோ அலை அவருக்கு, குறுக்கே இறங்கக்கூடாது. பெரிய அலை வந்தால் பலகையைக் கைவிட்டு ஓடக்கூடாது, பின்னால் இருப்பவர் மண்டை உடையும். விழுந்தவன் தலை மேலே வந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் உன் அலையைப் பிடிக்க வேண்டும். எழுதி ஒட்டிய போலீஸ் சட்டம் ஒன்றும் இல்லை. ஆனாலும் பெரும்பாலும் நடக்கிறது.

ஒன்றரை மணி நேரம் கழித்து வெளியே வந்தால் வரும் பசி இருக்கிறதே, விடுதியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் வருமே, அந்தப் பசி! வண்டியின் பின்கதவைத் திறந்து போட்டு அங்கேயே சாப்பாடு. சமையல்காரர் மடித்த ரொட்டிக்குள் முட்டையும் பீன்ஸும் வைத்துக் கொண்டுவருவார். என் பங்கு புளியோதரை. கை விறைத்திருக்கும்போது பிசைய வேண்டியதில்லை, ஆறினாலும் கெடாது. முதல் நாள் தச்சர் சாப்பிட்டுவிட்டு, "இதில் கடலை இருக்கிறதே, அதை இன்னும் கொஞ்சம் போடலாமே" என்றார். ஊருக்குப் போன் பண்ணி அம்மாவிடம் சொன்னேன். "அவருக்கு நல்ல நாக்குடா" என்றார் அம்மா.

இலையுதிர் காலம் பண்டிகைக் காலமும்கூட. அக்டோபரில் ஹாஃப் மூன் பே ஊரில் பூசணித் திருவிழா. மாதக் கடைசியில் ஹாலோவீன். அன்று காலை மந்திரவாதித் தொப்பியோடு அலை ஏறுகிறவர்களைப் பார்க்கலாம். நடுவில் நம் தீபாவளி. எனக்குத் தெரிந்து விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் பசிபிக் கடலில் இறங்கும் ஒரே ஆள் நான்தான். பட்டாசு கிடையாது, சில கடற்கரைகளில் விறகு மூட்டலாம். அதைச் சுற்றி உட்கார்ந்து முறுக்கும் லட்டும். நவம்பர் நாலாம் வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங். அது குடும்பத்தோடு சாப்பிடும் நாள். குடும்பம் பக்கத்தில் இல்லாதவர்கள் நண்பர்களோடு சாப்பிடுவார்கள். ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவருவது வழக்கம்.

2017-ஆம் வருஷம் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அந்த செப்டம்பரில் தச்சருக்குக் கணையப் புற்றுநோய் என்று தெரிந்தது. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். இங்கே என்றால் "அண்ணே" என்று கூப்பிட்டிருப்பேன், அங்கே பேர் சொல்லித்தான். தனியாள். நர்ஸ் ஒரு தாளை எடுத்து ஏழு கட்டம் போட்டு, அவர் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டினார். இன்ன கிழமை இன்னார் சாப்பாடு. எனக்குச் செவ்வாய். யாரும் ஆறுதல் வார்த்தை பேசவில்லை, தாளில் பேர் எழுதினார்கள், அவ்வளவுதான்.

கீமோதெரபி மருந்து ஏறியதும் அவருக்கு எல்லாச் சாப்பாடும் தகரம் மாதிரி இருக்கிறது என்றார். மிளகைக் குறைத்து ரசம் வைத்துக்கொண்டு போனேன். ஒரு டம்ளர் குடித்துவிட்டு, "இது தெரிகிறது" என்றார். ருசி தெரிகிறது என்று அர்த்தம். அதன் பிறகு எல்லாச் செவ்வாயும் ரசம்தான். அந்த வருஷத் தேங்க்ஸ்கிவிங், நவம்பர் 23, அவர் வீட்டிலேயே நடந்தது. அவரே அறுத்து இழைத்த மேஜை. வான்கோழி, உருளைக்கிழங்கு மசியல், பூசணிப் பணியாரம் மாதிரி ஒரு பை, நடுவில் என் ரசப் பாத்திரம். அவர் ஜன்னல் வழியே கடலைப் பார்த்து, "இன்னிக்கு நல்ல அலை. நீங்க எல்லாம் ஏன் இங்கே இருக்கீங்க?" என்று திட்டினார். யாரும் எழுந்திருக்கவில்லை.

அடுத்த செப்டம்பரில் போய்விட்டார். அந்த ஊரில் சர்ஃபர் இறந்தால் பேடில் அவுட் என்று ஒன்று செய்வார்கள். பலகை மேல் படுத்து, கையால் துழாவிக் கடலுக்குள் போய், வட்டமாக உட்கார்ந்து கை கோத்துக்கொள்வார்கள். நடுவில் பூவைப் போட்டு, இரண்டு கையாலும் தண்ணீரை அடித்துச் சத்தம் போடுவார்கள். நான் செவ்வந்தி கொண்டுபோனேன். நம் ஊரில் அஸ்தி கரைக்கும்போது வாய் மூடி நிற்போம், அங்கே ஆரவாரம். இரண்டும் ஒரே துக்கம்தான். கரைக்கு வந்ததும் எல்லாருக்கும் சாப்பாடு. அன்று புளியோதரையில் கடலை கூடுதலாகவே போட்டிருந்தேன்.

மாணவர்களுக்கு இரண்டு வார்த்தை. வெளியூர், வெளிநாடு போகிறவர்கள் வேலையைத் தேடுகிற அக்கறையில் பாதியாவது வைத்து, வேலைக்குச் சம்பந்தமில்லாத நண்பர்களைத் தேடுங்கள். பாட்டுக் குழுவோ, கிரிக்கெட்டோ, கோயில் அன்னதானமோ, எதுவானாலும் சரி. கூடவே சாப்பிடுங்கள். நோய் வந்தால் ஃப்ரிட்ஜில் தாள் ஒட்டுகிறவர்கள் அவர்கள்தான்.

இரண்டாவது, கடல். சுற்றுலா போன மாணவர்கள் கடலில் மூழ்கினார்கள் என்ற செய்தி நம் பக்கத்தில் வராத வருஷம் இல்லை. அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடைவெளியைப் பார்த்து, "இங்கே பாதுகாப்பு" என்று இறங்குகிறோம். பல சமயம் அதுதான் ஆபத்தான இடம். கரையில் ஏறிய தண்ணீர் அந்த வழியாகத்தான் கடலுக்குத் திரும்புகிறது. வேகம் வினாடிக்கு 8 அடி வரை போகும். நீச்சல் வீரனாலும் எதிர்த்து நீந்த முடியாது. ஆனால் அந்த நீரோட்டம் ஆளைக் கீழே இழுக்காது, வெளியேதான் தள்ளும். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி மல்லுக்கட்டாதீர்கள். மிதந்தபடி கையை உயர்த்திக் காட்டுங்கள். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வாருங்கள். கரையில் இருப்பவர் குதிக்காமல், மூடிய காலித் தண்ணீர் கேனையோ கயிற்றையோ வீசுங்கள். நீச்சல் தெரியாதவர் முழங்காலுக்கு மேல் போகவே வேண்டாம்.

முறையாகக் கற்றுக்கொள்ள அமெரிக்கா போக வேண்டியதில்லை. கோவளத்தில் மீனவர் மூர்த்தி மேகவன் தொடங்கிய சர்ஃபிங் பள்ளி குப்பத்துப் பிள்ளைகளை அலை மேல் ஏற்றியது. ஆசிய சர்ஃபிங் போட்டியே 2025-இல் மாமல்லபுரத்தில் நடந்தது. கடலை அறிந்தவர்கள் நம் கரையிலேயே இருக்கிறார்கள், அவர்களிடம் கேளுங்கள்.

மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்குகிறது. பந்தியில் உங்கள் செட் ஆட்களோடு மட்டும் உட்காராமல், பக்கத்தில் ஒரு மாணவரையோ மாணவியையோ உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.