இரும்புத் தொப்பியின் உள்ளுறை



தலையிற் பாரம் சுமப்பவர் சும்மாடு இன்றிச் சுமப்பதில்லை. போர்வீரனின் இரும்புத் தொப்பிக்கும் ஒரு சும்மாடு உண்டு, அதுவே உள்ளுறை. உருக்கு மண்டையை நேரே தொடாதவாறு இடைவெளி விட்டு நிறுத்துவதும், விழுகின்ற அடியைப் பரப்பி ஏற்பதும் அதன் தொழில். பழைய தலைக்கவசங்களைத் தேடிச் சேர்ப்போரும், முற்காலப் போர்களை அக்கால உடையிலே நடித்துக் காட்டுவோரும் பல நாடுகளில் உளர். அவர்கள் பெரிதும் பாடுபடுவது உருக்குக்காக அன்று, நைந்துபோன இவ்வுள்ளுறைக்காகவே.

நமக்கும் இது அந்நியமான பொருள் அன்று. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆந் திகதி கொழும்பிலும், 9ஆந் திகதி திருகோணமலையிலும் யப்பானிய விமானங்கள் குண்டு வீசிய காலத்தில், பிரித்தானியப் படையினர் அணிந்தது கவிழ்த்த தட்டம் போன்ற இரண்டாம் மாதிரிக் கவசம். அதன் உள்ளுறையை உச்சியிலுள்ள ஒரே திருகாணி தாங்கி நிற்கும். நாரை அழுத்திச் செய்த அட்டை, கறுப்பு மெழுகுசீலை, உச்சியிற் சிலுவை வடிவான திண்டு, இறப்பர்த் துண்டுகள் ஆகியவை சேர்ந்ததே அது. செய்தவரின் குறியும், தலையளவும், ஆண்டும் பலவற்றிற் பொறிக்கப்பட்டிருக்கும்.

நயினாதீவு போன்று நாற்புறமும் கடல் சூழ்ந்த ஊரில் இத்தகைய கவசம் ஒன்று பெட்டிக்குள் இருக்குமாயின், அதற்கு முதற் பகை உப்புக்காற்றே. குறிகட்டுவான் துறையில் வள்ளங்களின் ஆணிகளைப் பார்த்தவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. உப்பு ஈரத்தை இழுக்கும், திருகாணி துருவேறும், துரு சீலையைத் தின்னும். ஈரத்தின் வலிமையை அமெரிக்கரும் கண்டனர். 1941இல் அவர்கள் அழுத்திய நாரினாற் செய்த உள்ளுறை ஈரத்தில் உருக்குலைந்தமையால், விரைவிலேயே பிசின் ஊட்டிய பருத்திச் சீலைக்கு மாறினர்.

ஆயினும் துருவினும் கொடியது ஒன்று உண்டு. 2014ஆம் ஆண்டில் பிரித்தானியாவில், பாடசாலைகளில் இருந்த போர்க்கால நச்சுவாயு முகமூடிகளையும் தலைக்கவசங்களையும் பற்றி எச்சரிக்கை விடுக்கப்பட்டது. முகமூடிகளிற் பெரும்பாலானவற்றிலும், கவசங்கள் பலவற்றிலும் கல்நார் இருந்ததே காரணம். கூரைத்தகட்டில் நாம் அறிந்த அஸ்பெஸ்டோஸ்தான் அது. அதன் தூசு நுரையீரலுக்கு நஞ்சு. ஆகவே உள்ளுறையைத் தட்டுவதும், உரஞ்சுவதும், பிள்ளைகளின் தலையில் வைத்து அழகு பார்ப்பதும் ஆகா. முதலிற் சோதனை, பின்னரே திருகாணி. சோதிக்க வழியில்லையேல், கவசத்தைத் தடித்த பொலித்தீன் பையிலிட்டு மூடி வைப்பதே செய்யத்தக்கது.

கல்நார் இல்லையென்று தெரிந்த பின்னரும் நம் வீட்டு வைத்தியங்கள் வேண்டாம். சவர்க்காரமிட்டுத் தோய்த்தால் அட்டை உப்பித் தட்டுத்தட்டாகப் பிரியும். வெயிலிற் காயவிட்டால் இறுகிய இறப்பர் வெடிக்கும். தேங்காயெண்ணெய் பூசினால் சிக்கு நாறும், பூச்சியும் வரும். மெல்லிய தூரிகையால் தூசியை நீக்குவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நடிப்பவருக்கோ அணிந்துகொள்ள உறுதியான உள்ளுறை வேண்டும். அவர் புதிதாகச் செய்து பொருத்திக்கொள்வதே முறை. புதிய பட்டியைத் தேயிலைச் சாயத்தில் ஊறவைத்துப் பழையதென விற்போரும் உளர். நம் நாட்டுத் தேயிலைக்கு இப்படியும் ஒரு பயன்! வியர்வைக் கறை படிந்த பழைய சீலைதான் அந்தக் கவசத்தை அணிந்தவனைப் பற்றி எஞ்சியிருக்கும் சான்று. அதனை எறிந்துவிட்டுப் பொய்க்கறையை வைப்பது பழுதுபார்த்தல் ஆகாது. புதிய உள்ளுறையைச் செய்பவர் அதன் உட்புறத்தில் செய்த ஆண்டை அழியா மையால் எழுதட்டும். கழற்றிய பழையதை, எந்தக் கவசத்திலிருந்து எடுத்ததென்ற குறிப்போடு தனியே பேணி வைக்கட்டும்.