பொமரேனியன் இருமினா இதயத்தையும் கேளுங்க

நாகர்கோவில்ல தெருவுக்கு ரெண்டு பொமரேனியன் உண்டு. வயசான ஒண்ணு ராத்திரி இருமினா, "சளி"ன்னு விட்டுருவோம். மூச்சுக்குழல் கோளாறா இருக்கலாம், இதய வால்வாவும் இருக்கலாம்.

மைட்ரல் வால்வுங்கிறது இடப்பக்க மேலறையில இருந்து கீழறைக்கு மட்டும் திறக்கிற ரெண்டு இதழ் கதவு. அதுக்கு உறுதி தர்றது கொலாஜன்ங்கிற புரதம். வயசான சின்ன இன நாய்கள்ல அந்த இழைகள் குலைஞ்சு, தண்ணியை இழுத்து வைக்கிற புரோட்டியோகிளைக்கான் நிறையும். இதழ் நொங்கு மாதிரி கொழகொழன்னு தடிச்சிரும். கதவு சரியா மூடாது, ரத்தம் பின்னால கசியும். ஸ்டெதாஸ்கோப்புல "உஸ்"னு கேக்கிறது அதுதான்.

மனுஷங்களோட மைட்ரல் புரோலாப்ஸ்லயும் கிட்டத்தட்ட இதே கதை. ரெண்டுலயும் செரோட்டோனின் மேல சந்தேகம் இருக்கு. சும்மா இல்ல: எடை குறைக்கிற ஃபென்ஃப்ளூரமைன் மாத்திரை, வால்வு செல்லுல இருக்கிற செரோட்டோனின் ஏற்பியைத் தூண்டி வால்வைக் கெடுத்துச்சு. 1997ல அமெரிக்காவுல அதை விற்பனையில இருந்தே எடுத்தாங்க.

நமக்கு மாத்து வால்வு உண்டு. பக்கத்துல திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திராவுல உருவான வால்வை 1990லயே பொருத்திட்டாங்க. நாய்க்கு அநேகமா மாத்திரைதான். 2016ல வந்த எபிக் ஆய்வுல, இதயம் பெருத்தும் அறிகுறி வராத நாய்களுக்கு பிமோபெண்டன் கொடுத்தாங்க. இதயச் செயலிழப்பு சுமார் 15 மாசம் தள்ளிப்போச்சு. நாயோட ஆயுசுல அது பெரிய காலம்.

அதனால தடுப்பூசிக்குப் போறப்போ, "நெஞ்சையும் கொஞ்சம் கேளுங்க டாக்டர்"னு சொல்லுங்க. நல்லா தூங்கும்போது நிமிஷத்துக்கு 30 தடவைக்கு மேல மூச்சு ஓடினா, தள்ளிப்போடாம கூட்டிட்டுப் போங்க.