லிஃப்ட் இருக்கான்னு மட்டும் கேட்காதீங்க



பக்கவாதம் வந்த என் மாமியாருக்குச் சக்கர நாற்காலிதான் கால். போன வருஷம் வைத்தியத்துக்குச் சென்னை கூட்டிட்டுப் போனேன். எழும்பூர் ஸ்டேஷன் பக்கம் ஒரு லாட்ஜில், "லிஃப்ட் இருக்கு" என்றதும் அட்வான்ஸ் கட்டிட்டேன். லிஃப்டுக்குப் போகவே ஏழு படி! பாத்ரூம் கதவில் நாற்காலி நுழையலை. உள்ளே கீழே உட்காருற கக்கூஸ். "தண்ணி வேணாம்மா"ன்னு அத்தை ரெண்டு நாளா சரியாவே தண்ணி குடிக்கலை. ஏன்னு அப்புறம்தான் புரிஞ்சது. அழுதுட்டேன்.

அடுத்த தடவை நாற்காலியை டேப்பால் அளந்தேன், 26 அங்குலம். போனிலேயே கேட்டேன்: ரோட்டிலிருந்து ரூம் வரை எத்தனை படி? பாத்ரூம் கதவு எத்தனை அங்குலம்? வெஸ்டர்ன் டாய்லெட்டா? வாட்ஸ்அப்பில் போட்டோவும் அனுப்பச் சொன்னேன். நாலு இடம் சரிவரலை. அஞ்சாவது இடம் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே, தரைத்தளம், ஏசி இல்லாத ரூம். வாடகையும் குறைவு, ஆட்டோ செலவும் மிச்சம். அத்தை வயிறாரத் தண்ணி குடிச்சாங்க.

ரயிலில் போகிறவர்கள் டிக்கெட்டின் பிஎன்ஆர் எண்ணை வைத்து ஸ்டேஷன் ஓய்வறைக்கும் பதிவு செய்யலாம். அங்கேயும் இதே கேள்விகளைக் கேளுங்க. கூச்சம் வேண்டாம். மாற்றுத்திறனாளிகளுக்கு 2016-லேயே உரிமைச் சட்டம் வந்தாச்சு.

நல்ல ரூம் கிடைத்தவர்கள் விலாசத்தைக் குழு நோட்டில் எழுதி வையுங்க. இன்னொருத்தி அலைய வேண்டாம்.