மக்கள் தொடர்பின் முன்னோடி ஐவி லீ
(கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"ரிடயர்ட் ஆபீசர், ஏதாவது உபயோகமாச் சொல்லுங்கோ" என்று செயலாளர் கேட்டுக் கொண்டார். பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் பௌதிகம் படித்துவிட்டு, அரசாங்கத்தில் ஃபைல் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். விளம்பரத் துறைக்கும் எனக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனாலும் ஓர் அமெரிக்கரின் வாழ்க்கை, என் உத்தியோகத்தில் நடந்த ஒரு சம்பவத்தோடு மனசில் ஒட்டிக் கொண்டுவிட்டது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

ஐவி லெட்பெட்டர் லீ 1877-ல் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர். பிரின்ஸ்டனில் பட்டம் வாங்கி, நியூயார்க் பத்திரிகைகளில் நிருபராக இருந்தார். பெரிய முதலாளிகள் நிருபர்களைக் கண்டாலே கதவைச் சாத்திய காலம் அது. 1906-ல் நிலக்கரிச் சுரங்க முதலாளிகள் லீயை அமர்த்திக் கொண்டார்கள். அவர் உடனே பத்திரிகை ஆபீசுகளுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். நாங்கள் ரகசியமாக வேலை செய்யப் போவதில்லை, சொல்லும் விஷயம் சரியாக இருக்கும், மேற்கொண்டு விவரம் கேட்டால் உடனே தருவோம் என்பது அதன் சாரம். இன்றைக்கு இது சாதாரணமாகத் தோன்றும். அன்றைக்கு யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அதே வருஷம் அக்டோபர் 28-ல், அட்லாண்டிக் சிட்டி அருகே பென்சில்வேனியா ரயில்வேயின் ரயில் ஒன்று பாலத்திலிருந்து தண்ணீரில் விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். விபத்தை மூடி மறைப்பதுதான் ரயில்வேக்களின் வழக்கம். லீ நேர்மாறாகச் செய்தார். நடந்ததை எழுதித் தாமே பத்திரிகைகளுக்குக் கொடுத்தார், நிருபர்களைச் சம்பவ இடத்துக்கு அழைத்துப் போக ஏற்பாடும் செய்தார். நியூயார்க் டைம்ஸ் அந்தக் குறிப்பை அப்படியே அச்சிட்டது. பத்திரிகைக் குறிப்பு என்ற சமாசாரத்துக்கு அதுவே ஆரம்பம் என்பார்கள்.

நம் பக்கத்திலும் ஒரு பாலம் உண்டு. 1988 ஜூலை 8-ல், நம் பாலக்காடு வழியாகப் போகும் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் பெருமண்ணில் அஷ்டமுடிக் காயலில் விழுந்தது. நூறு பேருக்கு மேல் போனார்கள். சுழற்காற்றுதான் காரணம் என்று விசாரணை சொல்லிற்று. அந்த ஊர்க்காரர்கள் இன்றுவரை அதை நம்பவில்லை. காரணம் சரியா தப்பா என்று நான் சொல்ல வரவில்லை. ஜனங்கள் நம்பவில்லை என்பதை மட்டும் கவனியுங்கள்.

லீயைப் புகழ்ந்து கொண்டே போகவும் முடியாது. 1914 ஏப்ரலில் கொலராடோவில் லட்லோ என்ற இடத்தில், வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களின் கூடாரங்கள் எரிக்கப்பட்டு, பெண்களும் குழந்தைகளும் மாண்டனர். அந்தச் சுரங்கம் ராக்ஃபெல்லர் குடும்பத்தின் ஆதிக்கத்தில் இருந்தது. அவர்களுக்காக லீ வெளியிட்ட பிரசுரங்களில் பொய்யான தகவல்கள் இருந்தன. எட்டே வருஷத்தில் தம் அறிக்கையை அவரே மறந்துவிட்டார். 'விஷ ஐவி' என்று எழுத்தாளர் அப்டன் சின்க்ளேர் பெயர் வைத்தார். கடைசியில் ஜெர்மனியின் ஐ.ஜி. ஃபார்பன் கம்பெனிக்கு ஆலோசனை சொன்னதற்காக அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக் கமிட்டி முன்னால் பதில் சொல்ல வேண்டி வந்தது. அதே 1934 நவம்பரில் மூளைக் கட்டியால் காலமானார்.

இனி என் சம்பவம். 1979 ஆகஸ்ட் 11-ல் குஜராத்தில் மோர்வி அணை உடைந்து ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அப்போது நான் இடுக்கி ஜில்லாவில், தமிழ்நாட்டு எல்லைப் பக்கத்தில் ஜூனியர். முல்லைப் பெரியாறு 1895-ல் கட்டி முடித்த அணை. மோர்விக்குப் பிறகு அதைப் பற்றியும் வதந்தி கிளம்பிவிட்டது. வண்டிப்பெரியாறு கடைத்தெருவில் ஒரே பேச்சு. ஒரு மாலை, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளும் தமிழ்ப் பாட்டி ஒருத்தி பேரனை இடுப்பில் வைத்துக் கொண்டு ஆபீஸ் வாசலுக்கு வந்தாள்.

"ஐயா, நாங்க மேட்டுக்கு ஏறணுமா, வேண்டாமா? ஒண்ணு சொல்லுங்க."

எங்களுக்கு எந்தத் தகவலும் வரவில்லை. வாயைத் திறக்கக் கூடாது என்று மட்டும் மேலிடத்து உத்தரவு. "ஒண்ணும் ஆகாது, போங்க பாட்டி" என்றேன். எனக்கு எதுவும் தெரியாது என்பது அவளுக்கும் தெரிந்துவிட்டது. அன்று ராத்திரி அந்த லயத்துக் குடும்பங்கள் பாயும் பாத்திரமுமாக மழையில் மேட்டில் உட்கார்ந்திருந்தன. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த மேட்டைத் தாண்டி மறுநாள் ஆபீசுக்குப் போக எனக்குக் கால் வரவில்லை.

பிற்பாடு நீர்மட்டத்தை 152 அடியிலிருந்து 136 அடியாகக் குறைத்தார்கள். பௌதிகம் படித்தவனுக்கு இது சின்னக் கணக்கு. தண்ணீர் அணையைத் தள்ளும் விசை ஆழத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 16 அடி குறைந்தால் விசையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். இதை ஒரு கரும்பலகையில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிக் கடைத்தெருவில் வைத்திருக்கலாம். எனக்கும் அன்று தோன்றவில்லை.

2018 ஆகஸ்ட் 9-ல், 26 வருஷத்துக்குப் பிறகு செறுதோணி ஷட்டரைத் திறந்தார்கள். அதற்கு முன்பே நீலம், ஆரஞ்சு, சிவப்பு என்று படிப்படியாக எச்சரிக்கை கொடுத்தார்கள். எந்த மட்டத்தில் திறப்போம், யார் எங்கே விலக வேண்டும் என்றெல்லாம் டி.வி.யில் வந்து கொண்டே இருந்தது. சோபாவில் உட்கார்ந்து அதைப் பார்த்தபோது எனக்கு அந்தப் பாட்டியின் முகம்தான் வந்தது. "ஏன் கண்ணைத் துடைச்சுக்கறேள்?" என்று அகத்தில் கேட்டாள். காபி ஆறிப்போச்சு என்றேன்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.