இருவராய் நடந்த சேது வழி

பாம்பன் கடல்மீது 1914-ல் இருப்புப்பாதைப் பாலம் அமையுமுன், நம் முன்னோர் கணவனும் மனைவியுமாகக் கால்நடையாய்ச் சேது யாத்திரை மேற்கொண்டனர். உப்பூர் விநாயகரை வணங்கி, தேவிபட்டினத்து நவபாஷாணத்தைத் தொழுது, சேதுக்கரையில் நீராடிப் பின் படகேறித் தீவை அடைந்தனர். இளைத்தோர்க்குச் சேதுபதி மன்னர்களின் சத்திரங்கள் நிழலும் அன்னமும் அளித்தன.

இருவராய் நடப்பதன் பயன் யாது? விரைந்து நடக்கவல்லவர், தளர்ந்தவரின் அடிக்குத் தம் அடியைக் குறைத்துக்கொள்கிறார். 'நான் முந்துவேன்' என்னும் முனைப்பு அங்கே மெலிகிறது. ஆணவம் மெலிதலன்றோ வழிபாடு!

சீதாபிராட்டி மணலாற் பிடித்த இலிங்கத்தை இராமபிரான் பூசித்தார் என்பது இராமேசுவரத் தலவரலாறு. ஒருவர் கை வனைந்தது; மற்றவர் கை மலரிட்டது. இன்று ஊர்தியில் விரைந்து செல்லும் நாமும், அத்தலத்து நெடிய பிராகாரத்தையேனும் துணைவரின் நடைக்கு இசைந்து வலம்வருவோமாக.

திருச்சிற்றம்பலம்.