மல்லனின் மூச்சு

கொச்சியிலும் மட்டாஞ்சேரியிலும் கட்டா குஸ்தி பெருங்கூட்டத்தை ஈர்த்த காலம் ஒன்று உண்டு. அங்குக் கோதாவில் இறங்கியோருள், கைவலிமை குன்றுமுன்பே மூச்சு முட்டித் தோற்றவர் பலர் இருந்திருப்பர். காரணம் யாது?

பிடியில் சிக்கியவன் முதுகை வளைத்து, வயிற்றை இறுக்கி, மூச்சை அடக்குகிறான். நாள்தோறும் இவ்வாறே பழகினால் நடுமுதுகு விறைத்துவிடுகிறது. 12 இணை விலா எலும்புகளும் முதுகெலும்பிலேயே பொருந்தியுள்ளன. முதுகு அசையாவிடில் மார்பு நன்கு விரிவது எங்ஙனம்? மூச்சுக்கு முதல் தசையாகிய உதரவிதானமும் கீழ் விலாக்களையும் இடுப்பு முள்ளெலும்புகளையும் பற்றியே இயங்குகிறது.

கேரளத்துக் களரி ஆசான்கள் இதற்கு உழிச்சில் செய்வர். மேலே கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு, எண்ணெய் பூசிய உடலைக் காலால் நீவுவதும் அதில் ஒரு முறை. நம் ஆடி மாதத்தையொட்டி வரும் கர்க்கடகமே அதற்குரிய காலம். இன்றைய இயன்முறை மருத்துவரோ, மூச்சு வெளியேறும் தருணம் பார்த்து விலாக்களைக் கையால் மெல்ல அழுத்துகிறார்.

நீவிய இடம் தளரும். ஆயினும் அத்தளர்ச்சி நெடுநாள் நில்லாது. மல்லாந்து படுத்து, கீழ் விலாக்களின்மேல் கைகளை வைத்து, அவை பக்கவாட்டில் விரியுமாறு மூச்சிழுத்துப் பழகுதல் வேண்டும். உடலை இருபுறமும் மெல்லத் திருப்பும் பயிற்சியும் வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: விழுந்தபின் மூச்சிழுக்கும்போது விலாவில் குத்துவலி எடுத்தால், நீவக் கூடாது, முறிந்த எலும்பு நுரையீரலைத் துளைக்கக்கூடும். முதலில் மருத்துவரிடம் செல்லுங்கள்.

பிள்ளைகளைக் கோதாவுக்கு அனுப்பும் பெற்றோரே, பிடியைக் கற்பிக்கும் ஆசான் மூச்சையும் கற்பிக்கிறாரா என்று கேட்டறியுங்கள்.