கொள்ளைநோய்க்கு எல்லையிட்ட கிராமம்

(ஆதரவாளர் கூடுகையில் அளிக்கப்பட்ட உரை)



இங்கிலாந்தின் நடுப்பகுதியில், டார்பிஷயர் மாவட்டத்து மலைச்சரிவிலே உள்ள ஒரு சிற்றூரைப்பற்றி இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். ஊரின் பெயர் ஈம். நம் தமிழ்க் காதுக்கு அது ஈமச்சடங்கை நினைப்பூட்டும். அவ்வூரின் சரித்திரமும் அதற்கு அந்நியமானதல்ல.

1665-ம் ஆண்டு பிளேக் என்னும் கொள்ளைநோய் லண்டன் மாநகரை வாட்டிக்கொண்டிருந்தது. அவ்வேளையில் ஈம் கிராமத்துத் தையற்காரர் வீட்டிற்கு லண்டனிலிருந்து ஒரு துணிப்பொதி வந்தது. ஈரமாயிருந்த துணியை அங்கு வேலைசெய்த ஜார்ஜ் விக்கர்ஸ் நெருப்பருகே விரித்து உலர்த்தினார் என்றும், அதிலிருந்த தெள்ளுப்பூச்சிகளே நோயைக் கொண்டுவந்தன என்றும் சொல்லுவார்கள். செப்டம்பர் முதல் வாரத்தில் அவர் மரித்தார். குளிர்காலத்தில் சற்றே தணிந்த நோய், அடுத்த கோடையில் மூர்க்கமாய் எழும்பிற்று.

அப்பொழுது அவ்வூரின் குருவானவர் வில்லியம் மொம்பசன். வயது முப்பதுகூட ஆகாதவர், ஊருக்குப் புதியவர். ஜனங்கள் நம்பியதோ அவருக்கு முன்பிருந்த தாமஸ் ஸ்டான்லியை. அரசாங்கம் கட்டளையிட்ட ஜெபமுறைக்கு இணங்காததால் அவர் பதவியை இழந்திருந்தார். அந்நாட்களில் இப்படிப்பட்ட இருவர் ஒரே அறையில் உட்காருவதே அரிது. ஆனாலும் 1666 ஜூன் மாதத்தில் இருவரும் ஒருமனப்பட்டு மூன்று காரியங்களை ஜனங்களுக்கு முன்வைத்தார்கள். ஆலயத்தை மூடிவிட்டு, கக்லெட் டெல்ப் என்ற பள்ளத்தாக்கில் குடும்பம் குடும்பமாக விலகி நின்று ஆராதிப்பது. மரித்தோரை அவரவர் குடும்பத்தாரே தங்கள் நிலத்தில் அடக்கம்பண்ணுவது. ஊர் எல்லையை ஒருவரும் தாண்டாதிருப்பது.

எல்லைக்குள் அடைபட்டவர்களுக்கு ஆகாரம் எங்கிருந்து வந்தது? பக்கத்து ஊரார் கொண்டுவந்தார்கள். ஸ்டோனி மிடில்டன் ஊருக்குப் போகும் வழியில் ஒரு கல் இன்றும் கிடக்கிறது. அதிலுள்ள துளைகளில் காடியை ஊற்றி, காசுகளை அதில் போட்டு வைப்பார்கள். வெளியூரார் ரொட்டியை வைத்துவிட்டுக் காசை எடுத்துச் செல்லுவார்கள். மேட்டில் மொம்பசன் கிணறு என்னும் நீரூற்று உண்டு. அங்கே ஓடும் தண்ணீரே காசைக் கழுவிற்று. சாட்ஸ்வொர்த் மாளிகையின் டெவன்ஷயர் பிரபுவும் உணவு அனுப்பி உதவினார். நோய்க்கிருமியை எவரும் அறியாத காலம் அது. அலெக்சாந்தர் யெர்சின் அதைக் கண்டுபிடித்தது 1894-ல்தான்.

ஊருக்குச் சற்று வெளியே, வயல்வெளியில், ரைலி கல்லறைகள் என்ற சிறு சுற்றுச்சுவர் இருக்கிறது. 1666 ஆகஸ்டு மாதத்தில் எட்டே நாட்களில் எலிசபெத் ஹான்காக் என்ற தாய் தன் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் இழந்தாள். உதவிக்கு ஆள் இல்லை. தானே குழிகளைத் தோண்டி, தானே அவர்களை அடக்கம்பண்ணினாள்.

குருவானவரின் வீடும் தப்பவில்லை. பிள்ளைகளை முன்னதாகவே வெளியூருக்கு அனுப்பியிருந்தார்கள். மனைவி கேத்தரினோ கணவரை விட்டுப் போக மறுத்து, நோயுற்றோரைப் பராமரித்து, ஆகஸ்டு 25-ல் மரித்தார். அவருடைய கல்லறை பரிசுத்த லாரன்ஸ் ஆலய முற்றத்தில், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட கற்சிலுவைக்கு அருகே இருக்கிறது.

நவம்பரில் நோய் ஓய்ந்தது. ஏறக்குறைய 700 பேர் வாழ்ந்த ஊரில் சுமார் 260 பேர் மாண்டார்கள். சுற்றுப்புறக் கிராமங்களுக்கோ நோய் பரவவில்லை. ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும்: வசதியுள்ள சிலர் முதலிலேயே வெளியேறிவிட்டார்கள், ஏழைகளுக்குப் போக்கிடமில்லை. 2016-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, அங்கே பெரும்பாலும் மனிதரிடமிருந்து மனிதருக்கே, அதிலும் வீட்டுக்குள்ளேயே அதிகமாக நோய் தொற்றியிருக்கக்கூடும். அப்படியானால் ஆலயத்தை மூடியதும், பள்ளத்தாக்கில் விலகி நின்றதும் வீணான ஏற்பாடுகளல்ல. அடைபட்ட வீடுகளுக்குள் நேர்ந்த இழப்பின் பாரமும் நமக்கு அதிகமாய் விளங்குகிறது.

ஆண்டுதோறும் ஆகஸ்டு கடைசி ஞாயிற்றுக்கிழமையில் அந்தப் பள்ளத்தாக்கிலே நினைவு ஆராதனை நடத்துவது அவ்வூர் வழக்கம். மொம்பசனோ 1669-ல் ஈக்ரிங் என்னும் ஊருக்கு மாற்றப்பட்டார். நோய் தங்களையும் தொற்றுமென்று அஞ்சிய அவ்வூரார் அவரை உள்ளே சேர்க்காததால், சிலகாலம் ரபர்ட் பூங்காவில் ஒரு குடிசையில் தங்கியிருந்தார் என்று சொல்லப்படுகிறது.